சந்துக்குக் கதவு

"என்ன டீச்சர், இன்னைக்கு என்ன சமையல்? ஏதோ கருகுதே!"

டீச்சர் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். பாத்திரம் உண்மையாகவே அடிபிடித்திருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடிப் போனது.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, குழாய் கேஸ் மீட்டர் பெட்டியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். யார் வீட்டில் என்ன நடந்தாலும் செய்தி அங்கிருந்துதான் கிளம்பும். காலையில் ஒரு தடவை, டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் இந்தச் சந்துக்குள் வந்து நின்றுவிடுவாள்.

"ஒண்ணும் கருகலைக்கா" என்று டீச்சர் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதீங்க டீச்சர். கொஞ்சம் காத்து வரட்டும்."

என் வீட்டு ஜன்னலுக்கு இவள் உத்தரவு! டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று கணவனிடம் பொரிந்து தள்ளிவிட்டாள். "அந்தச் சந்துக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டிடுங்க. என்னால முடியலை."

"எப்படிப் பூட்டுறது? மீட்டர் அங்கதானே இருக்கு. கேஸ் கம்பெனி ஆளு எப்ப வந்தாலும் பார்க்கிற மாதிரி இருக்கணுமே."

"அப்ப மீட்டரை வாசல் சுவத்துக்கு மாத்துங்க."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையால்ல இருக்கு! அந்தக்கா மனசுல ஒண்ணும் கிடையாதும்மா. அவங்க வந்து..." என்று ஏதோ சொல்ல வந்தவன், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மென்று முழுங்கிவிட்டான்.

"உங்களுக்கு ஊர்ல எல்லாருமே நல்லவங்கதான். மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

அதற்கு மேல் பேச அவனுக்கு என்ன பைத்தியமா?

அடுத்த விடுமுறை நாளில் கேஸ் கம்பெனியிலிருந்து ஃபிட்டர் வந்துவிட்டார். வால்வை மூடி, பழைய பெட்டியைக் கழற்றி, வாசல் சுவரில் துளை போட ஆரம்பித்தார். டிரில் சத்தம் கேட்டதோ இல்லையோ, அக்காவும் வந்துவிட்டாள்.

"எதுக்குங்க மாத்துறீங்க? பைப்பெல்லாம் புதுசுதானா? ஜாயின்ட்டை நல்லா முறுக்குனீங்களா? சோப்புத் தண்ணி போட்டுப் பார்ப்பீங்கல்ல?"

"உங்க வீடாம்மா?" என்றார் ஃபிட்டர்.

"இல்லை, நான் பக்கத்து வீடு."

ஃபிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார்.

டீச்சர் வெளியே வந்தாள். "சந்துக்குக் கதவு போடப் போறோம்க்கா. அதுக்குத்தான்."

அக்காவின் முகம் சுண்டிப் போனது. "கதவா? பூட்டிடுவீங்களா?"

"பின்னே, கதவு எதுக்கு?"

"சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டுமே டீச்சர்."

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவாள் போலிருக்கிறதே! டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அக்கா தன் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சருக்கு மனசு லேசாகிவிட்டது. கதவு செய்கிறவரைக் கையோடு கூட்டிவரும்படி கணவனை அனுப்பிவைத்தாள். புதுப் பெட்டி வாசல் சுவரில் பளிச்சென்று உட்கார்ந்தது.

"முடிஞ்சுதுங்கம்மா" என்று ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்துட்டேன், ஒரு குமிழிகூட வரலை. எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைச்சுக்கிட்டிருக்கு. நீங்க இங்க ஒரு தடவை, அடுப்புகிட்ட ஒரு தடவை மோந்து பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா கிளம்பிடுவேன்."

டீச்சர் அசையவில்லை.

போன வருஷக் காய்ச்சலில் போனதுதான், அவளுக்கு வாசனையே தெரிவதில்லை. சோப்பும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தெரு முழுக்க உச்சுக் கொட்டும் என்று அவன் வாயையும் கட்டிப்போட்டிருந்தாள்.

'ஒண்ணும் வரலை' என்று சொல்லிவிடலாம். எத்தனையோ இடத்தில் அப்படித்தான் சமாளித்திருக்கிறாள். ஆனால் இது கேஸ். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது.

வேறு வழியில்லை. தெருவில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஆள், வாசற்படியில் உட்கார்ந்திருந்த ரேடியோதான்.

"அக்கா!" என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் வந்து... கேஸ் வாடை வருதான்னு மோந்து பார்த்துச் சொல்றீங்களா?"

இதோ கேட்கப் போகிறாள், 'ஏன், உங்களுக்கு என்ன ஆச்சு?' என்று. சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒலிபரப்பாகிவிடும். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா எழுந்து வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். மேல் ஜாயின்ட், கீழ் ஜாயின்ட், வால்வு என்று நிதானமாக மோந்து பார்த்தாள். நேராகச் சமையலறைக்குள் போய், அடுப்புக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒரு வாடையும் இல்லை. நீங்க கிளம்புங்க தம்பி."

ஃபிட்டர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டீச்சருக்குத்தான் ஆறவில்லை.

"என்னக்கா, எல்லாத்தையும் துருவித் துருவிக் கேட்பீங்க. இதை மட்டும் ஏன் எதுக்குன்னு கேட்கவே இல்லையே?"

"இதுல கேட்க என்ன இருக்கு டீச்சர்? உங்களுக்கு வாசனை தெரியலை, யாருக்கும் தெரிய வேண்டாம்னு உங்க வீட்டுக்காரர் எப்பவோ எங்கிட்ட சொல்லிட்டாரு. அன்னைலேர்ந்து தினமும் சமையலைக் கேட்கிற சாக்குல வந்து, கேஸ் வாடை வருதான்னு மோந்து பார்த்துட்டுத்தானே போறேன்? சந்துக்குப் பூட்டுப் போட்டுட்டா என்ன பண்றதுன்னு பதறிப்போயிட்டேன். நல்லவேளை, பெட்டியை வாசலுக்கே கொண்டு வந்துட்டீங்க. எனக்கும் நடை மிச்சம்!"