பட்டியலில் இல்லாத கேள்வி

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில், காக்கி உடுத்தியவரை எவரும் வீட்டுக்குள் அழைப்பதில்லை. அப்படியொரு விதியை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பழைய தடியடி ஒன்றுக்குப் பின் யாரும் மீறியதும் இல்லை.

பல்கலைக்கழகமும் காவல்துறையும் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்காக உஸ்மா வந்திருந்தாள். துணைக்கு வந்த பெண் காவலர் தெருமுனையிலேயே நின்றுவிட, அவள் மட்டும் புஷ்பவல்லியின் வீட்டில் அமர்ந்து கேள்விகளைத் தொடங்கினாள்.

“வீட்ல எத்தனை பேரும்மா?”

“நான் ஒண்டிதான்.”

“போன வருஷம் போலீஸ் யாராவது இங்க வந்தாங்களா?”

“தெருவுக்குள்ளயே வர மாட்டாங்க. வூட்டாண்ட யாரும் சேக்க மாட்டோம்.”

“போலீஸ்னா பயமா?”

“எனக்கின்னா பயம்? பேச ஆளில்லாம சோறு துன்றேன் பாரு, அதான் பேஜாரு. அத உங்க காலேஜ்ல எழுதிக்குவாங்களா?”

உஸ்மா எழுதிக்கொண்டாள். “கடைசியா ஒண்ணும்மா. முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?”

“இதுகூட போலீசு ஆராய்ச்சியா?”

“எங்க கேள்வி இல்லம்மா. அங்க நிக்கிற போலீஸக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. ஏன்னு சொல்லல.”

புஷ்பவல்லி சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் மீன் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“ஏ டில்லிராணி,” என்று தெருவே கேட்கும்படி அழைத்தாள். “பெத்தவளுக்கு முட்டி வலி எப்டி கீதுன்னு ஊரான் வூட்டுப் பொண்ணுகிட்டயா கேட்டனுப்புவ? வூட்டுக்குள்ள வந்து கேளுடி.”