காலிப் பை

கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பை காலையிலிருந்து காலியாகவே இருந்தது. தணிகாசலத்துக்கு ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியிருந்தது. அந்த நீரில் கிருமி சேர்ந்து இப்போது சிறுநீரகமும் கெடுகிறது என்றார் டாக்டர். "மருந்து போகுது. யூரின் இறங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்கம்மா. முன்னாடியே வந்திருக்கணும்."

வேதவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கணவனுக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்த அன்றே அவள் ஆட்டோவை அழைத்தாள். அதைத் திருப்பி அனுப்பியவன் அவனுடைய தம்பி குமரேசன். "சூடு அண்ணி, வேறொண்ணுமில்ல" என்று, பிதுங்கியிருந்த தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினான். மறுநாளும் தடவினான்.

இப்போது அவன் வார்டுக்குள் வந்தான். பையைப் பார்த்தான். மடியிலிருந்து அதே விளக்கெண்ணெய்ச் சீசாவை எடுத்தான்.

"கால் கட்டைவிரல்ல ரெண்டு சொட்டு வெச்சா நீர் பிரிஞ்சிடும் அண்ணி. நர்ஸம்மா வர்றதுக்குள்ள வெச்சிடறேன்."

அவள் சீசாவைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றான்.

"கீழ உக்காருடா."

இத்தனை வருடத்தில் அவள் அவனை 'டா' போட்டதில்லை. அவன் உட்கார்ந்தான். அவள் கொக்கியிலிருந்து பையைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கேறிய அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கனம் தெரியுற வரைக்கும் கையை எடுக்காத."

அவன் ஏந்திக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டான். பை அசைந்ததும், ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று அவள் சட்டென்று குனிந்து பார்த்தாள்.