தீபாவளிப் பழச்சாறு

வடிகட்டிய அன்னாசி, திராட்சைச் சாற்றில் இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சோடாவை ஊற்றினாள் கண்ணம்மை. நுரை பொங்கியது.

தீபாவளிக் காலைப் பலகாரத்துக்கு அவளுடைய அண்ணன் வயிரவனும் தம்பி தேனப்பனும் வந்திருந்தார்கள். திருமயத்து வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டம்ளர்களைக் கொண்டுபோன அவள் கணவர் குமரப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மெதுவாக் குடிங்க. பினாங்குச் சரக்கு கொஞ்சம் கலந்திருக்கு. மதுவிலக்குக் காலம், வெளியில மூச்சு விட்றாதீங்க."

வயிரவன் டம்ளரைத் தொடவே இல்லை.

கண்ணம்மை கணவரை உள்ளே இழுத்தாள். "எதுக்கு இப்பிடிப் பொய் சொல்றீக?"

"சும்மா வெளையாட்டுக்குத்தான்."

தேனப்பன் இரண்டு டம்ளர் குடித்தான். எழுந்தவன் தள்ளாடினான். தள்ளாடியபடியே போய் அண்ணன் காலடியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, போதையில ஒளர்றேன்னு நெனச்சுக்கங்க. பாகம் பிரிக்கையில ஒங்களைத் திருடன்னு சொல்லிட்டேன். அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல. மன்னிச்சிருங்கண்ணே."

வயிரவன் குனிந்தார். தம்பியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

புறப்படும்போது தேனப்பன் அக்காளிடம் சொல்லிக்கொள்ள அடுக்களைக்கு வந்தான். கண்ணம்மைக்கு மனசு கேட்கவில்லை.

"தம்பி, அந்தச் சாறுல ஒண்ணுமே கலக்கலப்பா. அவுக வெளையாட்டுக்குச் சொன்னாக."

"தெரியும் ஆச்சி. மலேயாவுல இருந்தவனுக்கு மொத வாயிலயே தெரியாதா?"

"பெறகு ஏன்டா தள்ளாடுனே?"

"அத்தான் ஒரு சாக்குக் குடுத்தாக. அதையும் விட்டுட்டா, நான் எந்த மொகத்தோட அண்ணன்கிட்டப் போவேன்?"