விதானையார் வெட்டிய தீர்மானம்

“இது செல்லாது,” என்றார் கிராம அலுவலர், விதானையார் கதிர்காமநாதன்.

அவ்வளவுதான். நாற்பத்திமூன்று பேர் கை தூக்கி எடுத்த முடிவுக்குக் குறுக்கே பச்சை மையில் ஒரு கோடு இழுத்தார். கூட்டக் கொப்பியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கமலாசனி சைக்கிளுக்குப் பின்னால் படலை வரைக்கும் ஓடிப் பார்த்தாள்.

சமாதானம் வந்து, பூவரசங்குளத்துப் பக்கம் திரும்பிவந்து குடியேறிய கையோடு, அவளுடைய புருசன் குகதாசனின் வலது காலை வயல் வரம்பில் மிதிவெடி கொண்டுபோனது. கால்தான் போனது, வலி போகவில்லை. இல்லாத காலுக்காகப் பகலெல்லாம் முனகுவான். ஆஸ்பத்திரிக் குளிசைக்கு அது மசியவில்லை. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி வீரபாகு கிண்டிக் கொடுத்த கஞ்சா லேகியத்துக்குத்தான் அடங்கியது. இப்போது இலை கிடைக்காமல் லேகியம் முடிந்து ஒன்பது நாள்.

அதனால்தான் அவள் விவசாயிகளின் கமக்கார சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டாள். பரியாரியார் மருந்துக்காக நாலே நாலு செடி வைக்க ஊர் சம்மதிக்க வேணும் என்றாள். ஆறு பேர் முகத்தைச் சுளித்தார்கள். மிச்சப் பேர் எல்லாம் கை தூக்கினார்கள்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கை தூக்கினவர் கொப்பியில் கையெழுத்தும் வைக்க வேண்டும். குளத்துத் தண்ணீர்ப் பங்குக்குக் கை தூக்கிவிட்டு, மறுநாள் ‘நான் எங்க தூக்கினனான்?’ என்று கேட்டவர்கள் இருந்த ஊர் அது. பழக்கதோசத்தில் கஞ்சாவுக்கும் வரிசையாக வைத்தார்கள். முதல் கையெழுத்து கமலாசனியுடையது.

மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போய்ப் பிந்தி வந்த விதானையார், கொப்பியை ஒருதரம் வாசித்த பிறகுதான் அந்தக் கோட்டை இழுத்தார்.

ஊர் கொதித்தது. கை தூக்கினது நாங்கள், வெட்ட இவர் ஆர் என்று கடைவாசலில் கதை. இவரை மாற்றினால்தான் சரிவரும் என்று சின்னராசா வாத்தியார் கச்சேரிக்கு ஒரு மனு எழுதினார். ‘ஊர் ஏகமனதாக எடுத்த தீர்மானத்தை விதானையார் தன் எண்ணத்துக்கு ரத்துச் செய்துள்ளார். விசாரிக்கவும்.’ அந்த ஆறு பேரை வாத்தியார் வசதியாக மறந்துவிட்டார். என்ன தீர்மானம் என்பதையும் எழுதவில்லை. கஞ்சா என்று போட்டால் மனுவுக்கு மரியாதை இராதாம்.

அதிலும் முதல் கையெழுத்து கமலாசனிதான்.

பத்தாம் நாள் ஜீப் வந்தது. கச்சேரியிலிருந்து ஓர் உத்தியோகத்தர், கூடவே இரண்டு பொலிஸ்காரர். சங்கக் கொட்டிலில் கதிரை போட்டு இருத்தினார்கள். உத்தியோகத்தர் மனுவை விரித்தார்.

“தீர்மானம் எண்டு எழுதியிருக்கு. என்ன தீர்மானம்?”

வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

“சரி, கொப்பியைக் கொண்டுவாங்கோ.”

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. கொப்பியில் கஞ்சாவும் இருக்கிறது, அதற்குக் கீழே நாற்பத்திமூன்று பேரும் தங்கள் கையாலேயே வைத்த கையெழுத்தும் இருக்கிறது. பொலிஸ் ஆளைத் தேடி அலையவே தேவையில்லை. முதல் பெயர் தன்னுடையது என்று கமலாசனி நினைத்தாள். தன்னைக் கொண்டுபோனால் குகதாசனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. விதானையாரைப் பார்த்தாள். தன்மேல் மனுப் போட்டவர்களை அவர் ஏன் காப்பாற்ற வேண்டும்?

அவர் கொப்பியை நீட்டினார். உத்தியோகத்தர் பக்கத்தைப் புரட்டி, சத்தமாக வாசித்தார்.

“‘குளக்கட்டுப் பற்றையை ஊரார் சேர்ந்து சிரமதானத்தில் வெட்டுவது. நாற்பத்திமூன்று பேர் ஆதரவு. விதானையாருக்கு அன்று வேறு அலுவல் இருப்பதால் ரத்துச் செய்யப்படுகிறது.’ கையெழுத்து ஒண்டையும் காணேல்லையே?”

“எடுக்க மறந்துபோனன் ஐயா,” என்றார் விதானையார்.

பிறகு அவருக்கு நல்ல கிழி விழுந்தது. பற்றை வெட்டவும் விடாத சோம்பேறி விதானையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று உத்தியோகத்தர் ஊருக்கு முன்னால் வைத்துப் பேசினார். விதானையார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“பிள்ளை, இதுதானே உங்கட முறைப்பாடு?” என்று உத்தியோகத்தர் மனுவில் முதல் கையெழுத்து வைத்தவளைக் கேட்டார்.

கமலாசனி திரும்பிப் பார்த்தாள். விதானையார் மெல்லத் தலையாட்டினார்.

“ஓம் ஐயா. ஆனா இப்ப எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த மனுவைத் திருப்பித் தாங்கோ.”

வாற சனிக்கிழமைக்குள் பற்றை முழுக்க வெட்டியாக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு ஜீப் கிளம்பியது. தூசி அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு யாரோ சிரிக்க, கொட்டில் முழுக்கச் சிரித்தது. பரியாரி சால்வையால் முகத்தைத் துடைத்தார். கமலாசனி சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். நெஞ்சில் ஏற்றிவைத்த அம்மியை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

விதானையார் அவளிடம் வந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

“வவுனியாவில அனுமதிப்பத்திரம் உள்ள வைத்தியர் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சனான். அதே லேகியம். ஒளிச்சு மறைக்கத் தேவையில்லை. நாளைக்கே குகதாசனைக் கூட்டிக்கொண்டு போம், பிள்ளை.”

சேட் பொக்கற்றிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளையும் எடுத்தார்.

“கிழிச்சது நான். எரிக்கிறது நீர். முதல் கையெழுத்து உம்மடதானே.”

மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் வைக்குமுன் தாளை விரித்துப் பார்த்தாள். குறுக்கே அந்தப் பச்சைக் கோடு. கீழே வரிசையாக நாற்பத்திமூன்று கையெழுத்து. அதற்கும் கீழே, அதே பச்சை மையில், நாற்பத்திநாலாவதாக ஒன்று இருந்தது: க. கதிர்காமநாதன்.