வடிகாலுக்கு வந்த வசவு

ஆலோசகரின் கையில் இருந்த வரைபடச் சுருளைப் பிடுங்கி, நகராட்சித் தலைவி தரையில் வீசினார். அது உருண்டுபோய்ப் பார்வையாளர் பெஞ்சில் இருந்த தையல்காரம்மாவின் காலடியில் நின்றது.

"யாரைக் கேட்டு இந்த ஊருக்குள்ள வந்தே? எங்க வாய்க்காலைப் பாத்துக்க எங்களுக்குத் தெரியாதா?"

ஆலோசகர் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் ஊராகப் போய், மழைத் தண்ணீரைத் தேங்க விடாமல் வடிய வைக்க நகராட்சிகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது அந்தப் பெண்மணியின் வேலை. நல்ல காரியத்துக்கு வந்தவரை இப்படியா வரவேற்பது!

"மேடம், அஞ்சு நிமிஷம் பேச விட்டீங்கன்னா..."

"நீ பேசிக் கிழிச்சது போதும், உக்காரு!"

தையல்காரம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பள்ளத்தெருக்காரர். போன மழையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வீட்டுக்குள் புகுந்து, தையல் மெஷினும் ஊரார் தைக்கக் கொடுத்த துணியும் நாசமாகிவிட்டன. இன்னொரு தடவை வந்தால் பிழைப்பே போச்சு. இன்றைக்கு நகராட்சிக் கூட்டத்தில் வடிகால் தீர்மானம் நிறைவேறாவிட்டால் இந்த மழைக்கு முன்னால் ஒரு மண்வெட்டிகூட விழாது. அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று கத்தியது. "அதை நிறுத்துங்கப்பா, பேசறது ஒண்ணும் கேக்கல" என்றார் தலைவி.

"எங்களுக்கு வேர்க்குதே! ஓடட்டும்" என்றார் எதிர்வரிசையில் இருந்த மீசைக்காரர். பேருக்குத்தான் அது எதிர்வரிசை. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மீசையின் ஆட்கள். விசிறி ஓடியது.

தலைவி அந்த ஆத்திரத்தையும் சேர்த்து ஆலோசகர் மேலேயே கொட்டினார்.

"இந்தம்மா கொண்டாந்த திட்டத்தைக் கேளுங்க! வாய்க்கால் மேல கடைக்காரங்க போட்ட சிலாப்பை எல்லாம் எடுக்கணுமாம். வீட்டுக் கழிவுக் குழாயைத் திருட்டுத்தனமா வாய்க்கால்ல விட்டிருந்தா அடைக்கணுமாம். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி தூர் வாரணுமாம், அதுக்குன்னு தனியா ஆள் வேணுமாம். இதெல்லாம் செஞ்சா பள்ளத்தெருவுல தண்ணியே நிக்காதாம். பெரிய கண்டுபிடிப்பு!"

ஆலோசகர் நிமிரவே இல்லை. பாவம், அவர் சொல்ல வந்ததில் பாக்கி ஒன்றும் இல்லை.

"அதோட விட்டாளா? முதல் சிலாப்பை என் வீட்டு வாசல்ல இருந்து பேத்தெடுக்கணுமாம்! நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அதுல எவன் கடப்பாரை வைக்கிறான்னு பாத்துடறேன்!"

மீசை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓஹோ, சங்கதி அதுதானா? உங்க வாசல் சிலாப்புக்காக ஊரே முங்கிச் சாகணுமா?"

பக்கத்தில் இருந்த உறுப்பினர் மீசையின் காதைக் கடித்தார். "அண்ணே, நம்ம கடை சிலாப்பும் போயிடும்ணே."

"போனாப் போகுதுய்யா. முதல்ல அவ வாசல் உடையட்டும்." மீசை மேஜையைத் தட்டினார். "ஓட்டுக்கு விடுங்க!"

தலைவி பக்கம் இருந்த நாலைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. நாளைக் காலையிலேயே வேலை தொடங்க வேண்டும், அதுவும் தலைவி வீட்டு வாசலில் என்று மீசை ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். கைதட்டலில் விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

விறுக்கென்று எழுந்து வெளியே போன தலைவியைத் தையல்காரம்மா வழிமறித்தார்.

"நீயெல்லாம் ஒரு மனுஷியா? எங்க தெரு ஓட்டை வாங்கித்தானே அந்த நாற்காலியில ஏறினே? இனிமே ஓட்டுக் கேட்டு எங்க தெருவுல காலை வச்சுப் பாரு, அப்ப தெரியும்!"

தலைவியின் முகம் செத்துப்போயிற்று. தையல்காரம்மா அவரை ஒதுக்கிவிட்டு நேரே மீசையிடம் போய்க் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும்ணே! எங்க தெருவே உங்களை மறக்காது."

வாசலில் ஆலோசகர் காரில் ஏறப் போனார். தலைவி விடுவிடுவென்று அவரை நோக்கி வருவதைப் பார்த்த டிரைவர், நமக்கேன் வம்பு என்று தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

தலைவி கார்க் கதவை இறுக்கிப் பிடித்தார். ஆலோசகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த ஊர்த் தலைவருக்கு எவ்வளவு சொல்லிக் குடுத்தும் என்னைத் திட்டவே வரலக்கா, நீங்க ஒரு நாள் வந்து பழக்கி விடுங்க."