ரத்தசோகைக்கு இவ்வளவு ஆட்டமா?

ரத்தசோகை வந்த ஒருத்தி இந்த ஆட்டம் ஆடுவாளா என்று எலக்ட்ரீஷியனுக்கு மனசு ஆறவே இல்லை.

அவர் மனைவி கணக்கு டீச்சர். நாலு மாதமாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அதிகாரம் தூள் பறக்கிறது. அரிசியைக் களையுங்க, துணியைத் துவையுங்க, கரண்ட் பில்லைக் கட்டுங்க. பாதி ஊருக்கு ஒயரிங் பண்ணிய மனுஷன், சொந்த வீட்டு வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார்.

எல்லாவற்றுக்கும் மார்க் வேறு. முதல் ஆம்லெட்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு.

"கருகிப்போனதுக்கு எதுக்கும்மா பன்னெண்டு?" என்றாள் மகள்.

"அடுப்பை அணைச்சாரே, அதுக்குதான்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வேறு வழி? அவளுக்கு வந்திருப்பது ரத்தசோகையே இல்லை, ரத்தப் புற்றுநோய். பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாத வெள்ளை அணு ஒன்றரை லட்சத்தில் நின்றது. சொன்னால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் கையைப் பிடித்துக் கெஞ்சியவரே இவர்தான்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்த அன்று, ரத்தசோகைக்கு இடுப்பில் என்ன வேலை என்று டீச்சர் கேட்டாள். ரத்தம் அங்கேதான் ஊறுதாம் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். அது நிஜம்தான் என்று பிறகு நர்ஸ் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது!

தினமும் போட வேண்டிய மாத்திரை டப்பாவின் லேபிளைச் சுரண்டிவிட்டு, சத்து மாத்திரை என்று நீட்டினார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே வந்தால், தண்ணீரை வீணாக்கியதற்கு ஐந்து மார்க் கட்.

ஒண்ணும் தெரியாம மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்காளே என்று சில நாள் கோபம் பொத்துக்கொண்டு வரும். அடுத்த நிமிஷமே, இப்படியே உட்கார்ந்திருக்கட்டும், எனக்கு அது போதும் என்று தோன்றும்.

இன்றைக்கு அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ரிசல்ட் கேட்க உள்ளே போனார்.

டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு. "மாத்திரை ஜம்முனு கேட்டிருக்கு சார். வெள்ளை அணு ஏழாயிரம். மரபணு டெஸ்டும் நாம எதிர்பார்த்ததைவிட நல்லா இருக்கு. மாத்திரையை ஒரு நாள்கூட விடாம, செக்கப்புக்கும் ஒழுங்கா வந்தா, எல்லாரையும் போல ரொம்ப வருஷம் இருப்பாங்க."

எலக்ட்ரீஷியனுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரைக் கும்பிட்டார். நர்ஸைக் கும்பிட்டார். எடை பார்க்கும் மெஷினைக்கூட விடவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நர்ஸுக்கே விளங்கவில்லை.

"இனிமே அவகிட்ட உண்மையைச் சொல்லிடலாமா டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "முதல் ரிசல்ட் வாங்க நீங்க சாயந்திரம் வந்தீங்க. அவங்க அன்னிக்குக் காலையிலயே தனியா வந்து, எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"அழுதாளா டாக்டர்?"

"இல்ல சார். ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'அந்த மனுஷனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது டாக்டர். எல்லாத்தையும் கத்துக்கொடுத்துட்டுப் போக எனக்கு எத்தனை மாசம் டைம் இருக்கு?'"