வெளியே வருவது எப்படி?

இடது கையில் கட்டுப் போட்ட ஒரு பெண் எந்த நிமிடமும் உள்ளே வரலாம் என்று யசோதினி தேநீர்க்கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

"நானும் கூட இருக்கவா?" என்று கேட்டாள் டிலானி. கட்டுகஸ்தோட்டையில் இருவருக்கும் ஒரே வாடகை அறை. யசோதினியின் கதை தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"வேணாங்க்கா. ரெண்டு பேரப் பாத்தா அவங்க பயந்துருவாங்க. நீங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாங்க."

"மொகமே தெரியாத ஒருத்திய இப்படி நம்புறியே!"

"ரெண்டு வருசமா பேசுறோம்க்கா. நான் எங்க இருக்கேன், என் பேரு என்ன, ஒண்ணுமே அவங்க கேட்டதில்ல. வேற யாரு அப்படி இருப்பாங்க?"

அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, மனமில்லாமல்தான் டிலானி போனாள்.

யசோதினி பண்டாரவளையிலிருந்து ஓடிவந்து இரண்டரை வருடமாகிறது. அங்கே அவள் கணவன் கஜேந்திரனுக்கு ஹார்ட்வெயார் கடை. போனில் ஒரு மெசேஜ் அடிக்கவே தடுமாறுகிற மனிதன். மனைவி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தே தன்னைவிட அதிகம் சம்பாதிப்பது பொறுக்காமல், ஒரு நாள் அவளுடைய இடது கையை அலுமாரிக் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினான். சுண்டு விரலும் மோதிர விரலும் அதன்பிறகு மடங்கவே இல்லை.

கண்டிக்கு வந்ததும் முகநூலை மூடினாள். பழைய நம்பரை எறிந்தாள். இணையத்தில் தன் படமோ பெயரோ ஊரோ எங்கும் மிஞ்சாதபடி ஒவ்வொன்றாகத் தேடி அழித்தாள்.

வேலைதான் சிரமமாக இருந்தது. அவள் புரோகிராம் எழுதுவது மவுஸ் தேவைப்படாத, கறுப்புத் திரையில் ஓடும் 'எடிட்டர்' என்ற மென்பொருளில். கீபோர்டின் இடது ஓரப் பொத்தான்களுக்கு அந்த இரண்டு விரல்களும் இல்லாமல் முடியாது. மூன்று மாதம் உட்கார்ந்து, மற்ற விரல்களாலேயே எல்லாம் செய்யும்படி அந்த எடிட்டரை மாற்றி எழுதினாள். தன்னைப் போல் இன்னும் யாராவது இருக்கலாம் என்று நினைத்து, எந்த இரண்டு விரல்கள் என்பதையும் குறிப்பிட்டு, புனைபெயரில் இலவசமாக இணையத்தில் போட்டுவைத்தாள்.

அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு முதலில் எழுதியது சஞ்சீவனி என்ற பெண். தேயிலை ஃபெக்டரி மெஷினில் தனக்கும் அதே இரண்டு விரல்கள் நசுங்கி மடங்காமல் போய்விட்டதாகவும், இப்போதுதான் புரோகிராம் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னாள். 'எடிட்டரைத் திறந்துவிட்டேன். வெளியே வருவது எப்படி?' என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. அதைப் புதிதாகத் திறக்கிற எல்லோரும் மூடத் தெரியாமல் மாட்டிக்கொண்டு கேட்பது அதைத்தான். வீட்டைவிட்டு வந்தபிறகு யசோதினி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அகரம் எழுதப் பழக்குவதுபோல ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாள். சஞ்சீவனி ஆயிரம் பிழை விட்டாள். கோபப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு வருடம் கழித்து யசோதினியின் புரோகிராமிலேயே இருந்த ஒரு பிழையைத் தானாகக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினாள். அன்று யசோதினி டிலானிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

கை ஆபரேஷனுக்குப் பதுளைக்குப் போகிறேன் என்று ஒருமுறை எழுதினாள் சஞ்சீவனி. அது தள்ளிப்போய்விட்டது, இனி நுவரெலியா என்றாள். அப்புறம் கொழும்பு என்றாள். யசோதினி ஆறுதலாக இரண்டு வரி எழுதியதோடு சரி.

போன மாதம், 'கடைசியில் கண்டியில் செய்கிறார்களாம். தனியாக வருகிறேன். பயமாக இருக்கிறது' என்று வந்தது. அதற்குமேல் யசோதினிக்கு மனம் கேட்கவில்லை. நானும் கண்டியில்தான் இருக்கிறேன் என்று எழுதிவிட்டாள். ஆபரேஷனுக்கு வரும் அன்று இந்தத் தேநீர்க்கடையில் சந்திப்பதாகவும், அடையாளத்துக்குச் சஞ்சீவனி இடது கையில் கட்டுப் போட்டு வருவதாகவும் முடிவானது.

எதிரே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"இங்க ஆள் வர்றாங்க" என்றாள், வாசலிலிருந்து கண்ணை எடுக்காமலே.

திரும்பினாள். கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது தன் புத்திகெட்டதனம் என்று நினைத்தாள். ஏதோ வேலையாகக் கண்டிக்கு வந்தவன் கண்ணில் பட்டுவிட்டேன். சஞ்சீவனி வரும்வரை தாக்குப்பிடித்தால் போதும். இரண்டு பெண்கள் சேர்ந்து சத்தம் போட்டால் நாலு பேர் வருவார்கள்.

"எந்திரிச்சுப் போயிருங்க. கத்துவேன்."

"கத்து." அவன் அவளுடைய தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தான். "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு வந்துட்டா, கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவேன். யாரு குறுக்க வரப்போறா?"

"என்னயப் பாக்க ஒருத்தங்க வர்றாங்க. இந்தா, இப்ப வந்துருவாங்க."

கஜேந்திரன் வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த அவள் இடது கையை மெதுவாகத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டான்.

"யாரும் வரமாட்டாங்க, யசோ. ரெண்டு வருசமா நீ சொல்லிக் குடுத்தது எனக்குத்தான்."